பார் மூடியது, கிளப் கலைந்தது; மிச்சப் பணம் கோப்பை ஆனது!

ஒரு கிளப்பை இழுத்து மூடினால் அதன் கஜானாவில் இருக்கிற பணம் எங்கே போகும்?

எந்தப் போலீஸ் ஸ்டேஷன் ரைட்டரிடம் வேண்டுமானாலும் இதைக் கேட்டுப் பாருங்கள். சிரிப்பார். பொருளாளர் மேல் செயலாளர் புகார். செயலாளர் மேல் பொருளாளர் புகார். ரசீதுப் புத்தகம் மட்டும் யாரிடமும் இல்லை. இந்த நிருபர் பார்த்த சங்கத் தகராறுகளில் பாதிக்கு மேல் இதே கதைதான்.

ஆனால் கல்கத்தாவில் ஒரு கிளப் கலைந்தபோது நடந்தது வேறு.

பாங்கியில் மிச்சம் இருந்த பணத்தை யாரும் பங்கு போட்டுக்கொள்ளவில்லை. வெள்ளி ரூபாய்களாக வெளியே எடுத்தார்கள். 270 ரூபாயை உருக்கினார்கள். ஒரு கோப்பை செய்து லண்டனுக்கு அனுப்பிவிட்டார்கள்.

அனுப்பிய வருஷம் 1878. அந்தக் கோப்பைக்காக இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் இன்றைக்கும் வருஷா வருஷம் மோதிக்கொள்கின்றன. சர்வதேச ரக்பி ஆட்டத்தில் அதைவிடப் பழைய கோப்பை கிடையாது. அதன் பெயரே "கல்கத்தா கோப்பை".

ஐந்தே வருஷம் நடந்த ஒரு கிளப், இத்தனை காலம் பேர் சொல்ல வைத்தது எப்படி? அதன் விவரம் வருமாறு:-

முட்டை வடிவப் பந்து

முதலில் ஆட்டம். நம்மூர் சடுகுடுவையும் கால்பந்தையும் ஒன்றாகப் போட்டுக் குலுக்கினால் எப்படி இருக்கும்? ஏறக்குறைய அதுதான் ரக்பி.

பந்து உருண்டை இல்லை, முட்டை வடிவம். கையில் தூக்கிக்கொண்டு ஓடலாம். கூட்டாளிக்கு வீசலாம், ஆனால் பக்கவாட்டிலோ பின்னாலோதான் வீசவேண்டும். முன்னால் வீசினால் தப்பு. பந்து வைத்திருப்பவனை எதிராளி கட்டிப் பிடித்துக் கீழே தள்ளலாம். எதிரிக் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைத்தால் அதற்குப் பெயர் "ட்ரை". இப்போது அதற்கு 5 புள்ளி.

அந்தக் காலத்தில் ட்ரை போட்டால் புள்ளி கிடையாது. கோலுக்கு உதைத்துப் பார்க்க ஒரு வாய்ப்பு மட்டும் தருவார்கள். "முயற்சி" என்ற பொருளில் ட்ரை என்று பெயர் வந்ததே அதனால்தான்.

இந்த ஆட்டத்தில் ரக்பி யூனியன், ரக்பி லீக் என்று இரண்டு கட்சி உண்டு. பணம் விஷயமாகத்தான் பிரிந்தார்கள். அந்தச் சண்டையைப் பிறகு பார்ப்போம்.

கிறிஸ்துமஸ் அன்று மோதல்

1872-ம் வருஷம் டிசம்பர் 25. கல்கத்தா அப்போது பிரிட்டிஷ் இந்தியாவின் தலைநகர். வெள்ளைக்கார வியாபாரிகள், கம்பெனி உத்தியோகஸ்தர்கள், பட்டாளத்து அதிகாரிகள் என்று ஊர் நிறையத் துரைமார்கள்.

பண்டிகை நாளில் சும்மா உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல் ஒரு ஆட்டம் போட்டார்கள். ஒரு பக்கம் இங்கிலாந்துக்காரர்கள் 20 பேர். எதிர்ப்பக்கம் ஸ்காட்லாந்து, அயர்லாந்து, வேல்ஸ்காரர்கள் சேர்ந்து 20 பேர். இன்றைக்கு ஒரு அணிக்கு 15 பேர். அப்போது 20 பேர் முட்டித் தள்ளுவதுதான் வழக்கம்.

ஆட்டம் எல்லாருக்கும் பிடித்துப்போயிற்று. ஒரு வாரம் கழித்து இன்னொரு தடவையும் ஆடினார்கள். அந்தச் சூட்டோடு சூடாக 1873 ஜனவரியில் "கல்கத்தா புட்பால் கிளப்" பிறந்தது. பெயரில்தான் புட்பால். ஆடியது ரக்பி.

முதல் வருஷத்திலேயே 137 பேர் சேர்ந்தார்கள். 1874-ல் லண்டனில் இருந்த ரக்பி புட்பால் யூனியனில் உறுப்பினராகவும் பதிவு செய்துகொண்டார்கள். அந்த யூனியனும் அப்போது புதுசுதான். 1871 ஜனவரி 26 அன்று லண்டனில் ஒரு உணவு விடுதியில் 21 கிளப்காரர்கள் கூடி அதைத் தொடங்கியிருந்தார்கள். தாய்ச்சங்கத்துக்கு மூன்று வயசு ஆகும்போதே கல்கத்தாவில் ஒரு பிள்ளை.

இலவசப் பார் நின்றது!

நன்றாக ஆரம்பித்த கிளப் ஏன் படுத்தது? காரணம் மூன்று சொல்கிறார்கள்.

முதல் காரணம், வெயில். ரக்பி மழையிலும் சேற்றிலும் குளிரிலும் பிறந்த ஆட்டம். விழுந்தால் மெத்தென்று புல் இருக்கவேண்டும். கல்கத்தா வெயிலில் காய்ந்து கிடக்கிற மைதானத்தில் விழுந்தால் எலும்புதான் பேசும். புழுக்கம் வேறு. ஓடி விளையாடுவதைவிட டென்னிஸும், குதிரை மேல் உட்கார்ந்து ஆடுகிற போலோவும் சௌகரியமாகத் தெரிந்தன. ஆட்கள் அந்தப் பக்கம் சாய்ந்தார்கள்.

இரண்டாவது, பட்டாளம். கிளப்பின் முதுகெலும்பே பட்டாளத்து ஆட்கள். அதிலும் "பஃப்ஸ்" என்று பெயர் பெற்ற ரெஜிமெண்ட் பெரிய தூண். அந்த ரெஜிமெண்டுக்கு மாற்றல் உத்தரவு வந்தது. மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டார்கள். தூண் போனால் கூரை நிற்குமா?

மூன்றாவது காரணம்தான் பலே காரணம். கிளப்பில் உறுப்பினர்களுக்கு இலவச பார் நடந்துகொண்டிருந்தது. அதை நிறுத்தினார்கள். நிறுத்தியதுதான் தாமதம், உறுப்பினர் எண்ணிக்கை சரசரவென்று இறங்கியது! பந்துக்காக வந்தவர்கள் எத்தனை பேர், பாட்டிலுக்காக வந்தவர்கள் எத்தனை பேர் என்பது அன்றைக்கு வெட்டவெளிச்சம் ஆயிற்று.

1877 முடியும்போது கிளப்பில் ஆட ஆள் இல்லை. ஆனால் பாங்கியில் பணம் இருந்தது. தகராறு பிறக்க இதைவிட நல்ல நேரம் வேண்டுமா?

ஒரே ஆள், மூன்று பதவி

அப்போது கிளப்பின் பொறுப்பில் இருந்தவர் ஜி. ஏ. ஜேம்ஸ் ராத்னி. கேப்டன் அவரே. கௌரவச் செயலாளர் அவரே. பொருளாளரும் அவரே.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். கிளப் கலைகிறது. உறுப்பினர்கள் பாதிப் பேர் ஊரிலேயே இல்லை. கணக்கு எழுதுவது, கையெழுத்துப் போடுவது, பணம் எடுப்பது எல்லாம் ஒரே கை. நம் குற்றப்பிரிவு போலீசார் இந்த நிலைமையைக் கேட்டாலே பைலைத் திறந்து வைத்துக்கொள்வார்கள்.

ராத்னி செய்தது என்ன? 1877 டிசம்பர் 20 தேதியிட்டு லண்டன் ரக்பி யூனியனுக்கு ஒரு கடிதம் எழுதினார். கிளப்பின் மிச்சப் பணத்தைக் கொண்டு இந்திய வேலைப்பாட்டில் ஒரு கோப்பை செய்து தருகிறோம், ரக்பி வளர அதைப் பயன்படுத்துங்கள் என்பது அதன் சாரம்.

கடைசியாக ஒரு பெரிய விருந்து வைத்துத் தீர்த்திருக்கலாம். இருக்கிற நாலு பேர் பிரித்துக்கொண்டிருக்கலாம். மூடிய பாரை மறுபடி திறந்து ஒரு மாதம் ஓட்டியிருக்கலாம். எதுவும் செய்யவில்லை. ஆட்டத்துக்காகச் சேர்ந்த பணம் ஆட்டத்துக்கே போகட்டும் என்று முடிவு கட்டினார்கள்.

யூனியன் சம்மதம் சொன்னது. 270 வெள்ளி ரூபாய் உருகியது.

270 ரூபாயின் கனம்

270 ரூபாய்தானா என்று இளக்காரமாக நினைக்கவேண்டாம்.

அந்தக் காலத்து ஒரு ரூபாய் நாணயம் சரியாக ஒரு தோலா எடை. கிராம் கணக்கில் 11.66. பன்னிரண்டு பங்கில் பதினோரு பங்கு வெள்ளி. ஆக 270 ரூபாய் என்றால் 270 தோலா. மூன்று கிலோவுக்கு மேல் நாணயம்.

இன்னொரு கணக்கும் உண்டு. அது நம் ஊர்க் கணக்கு.

ராத்னி கடிதம் எழுதிய அதே 1877-ல் சென்னை மாகாணம் பஞ்சத்தில் செத்துக்கொண்டிருந்தது. தாது வருஷப் பஞ்சம் என்று நம் பாட்டிமார்கள் சொல்வார்களே, அதுதான். 1876-ல் ஆரம்பித்து 1878 வரை நீடித்தது. லட்சக்கணக்கில் மடிந்தார்கள்.

கல்கத்தாவில் இருந்த வைஸ்ராய் லிட்டன் பிரபுவின் சர்க்கார், செலவைக் குறைப்பதற்காக சர் ரிச்சர்டு டெம்பிள் என்ற அதிகாரியைச் சென்னைக்கு அனுப்பியது. நிவாரண வேலைக்கு வரும் ஆணுக்கு ஒரு நாளைக்கு ஒரு ராத்தல் தானியம், ஒரு அணா காசு. பெண்களுக்கு அதைவிடக் குறைவு. இதுதான் "டெம்பிள் கூலி". இதைத் தின்றுவிட்டு மண் வெட்ட முடியாது என்று மாகாண சுகாதார கமிஷனர் கார்னிஷ் சண்டை பிடித்தார். பிறகுதான் கொஞ்சம் கூட்டினார்கள்.

சென்னை நகரத்துக்குள் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கிற பக்கிங்காம் கால்வாய்ப் பகுதியை வெட்டியதும் அப்போதுதான். 1877-லும் 78-லும் பஞ்ச நிவாரண வேலையாக நம் ஜனங்கள் வெட்டிய வாய்க்கால் அது. இன்றைக்கு நாம் மூக்கைப் பிடித்துக்கொண்டு தாண்டுகிறோம்.

ரூபாய்க்கு 16 அணா. 270 ரூபாய் என்றால் 4,320 அணா. டெம்பிள் கூலியின் காசுப் பங்கில் 4,320 ஆள்-நாள்!

கிளப்காரர்கள் மேல் குற்றப்பத்திரிகை வாசிக்க இந்தக் கணக்கைச் சொல்லவில்லை. பஞ்சத்தை நடத்தியது அவர்கள் இல்லை. விளையாட்டுக் கிளப்பில் மிஞ்சிய சில்லறை, ஆயிரம் மைல் தள்ளி இன்னொருவனுக்கு எத்தனை நாள் உயிர் என்பது தெரியட்டும். அந்தக் கோப்பை மினுமினுப்பதைப் பார்க்கும்போது இதையும் சேர்த்துத்தான் பார்க்கவேண்டும்.

மூன்று நாகம், ஒரு யானை

கோப்பை எப்படி இருக்கும்? உயரம் சுமார் ஒன்றரை அடி. மேலே நுட்பமான செதுக்கு வேலை. பிடி மூன்று. மூன்றும் படம் எடுத்த ராஜநாகங்கள். மூடியின் உச்சியில் அம்பாரியோடு ஒரு யானை. வைஸ்ராயின் லாயத்தில் இருந்த நிஜ யானையைப் பார்த்துச் செய்தது என்று சொல்வார்கள்.

அடிப்பீடத்தில் ஒவ்வொரு வருஷமும் ஜெயித்த நாடு, இரண்டு அணிக் கேப்டன்கள் பெயர் பொறிக்கப்படும்.

கேப்டன்கள் பெயர் இருக்கிறது. அந்த நாகத்துக்குச் செதில் செதுக்கிய கைக்கு யார் பெயர்? அதற்குப் பீடத்தில் இடம் இல்லை.

கேட்டது ஒன்று, நடந்தது ஒன்று

கல்கத்தாக்காரர்களின் ஆசை வேறு. இங்கிலாந்து கிளப்களுக்குள் வருஷாவருஷம் போட்டி வைத்து இந்தக் கோப்பையைக் கொடுங்கள் என்பதே அவர்கள் விருப்பம். கால்பந்தில் எப்.ஏ. கோப்பை 1871-ல் தொடங்கிச் சக்கைப்போடு போட்டுக்கொண்டிருந்தது. அது போல ரக்பிக்கும் ஒன்று.

யூனியன் தலையை ஆட்டவில்லை. கிளப்களுக்குள் கோப்பைப் போட்டி வைத்தால் பகை வளரும், காசு நுழையும் என்று பெரியவர்களுக்குப் பயம். அதனால் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து நாடுகளுக்குள் ஆடும் ஆட்டத்துக்கு என்று வைத்துவிட்டார்கள். இங்கிலாந்தில் கிளப்களுக்கான தேசியக் கோப்பைப் போட்டி வந்தது எப்போது தெரியுமா? 1971-ல்! கல்கத்தா கிளப் கேட்டது அவ்வளவு காலம் கழித்துத்தான் நடந்தது.

கோப்பைக்கான முதல் ஆட்டம் 1879 மார்ச் 10 அன்று எடின்பரோவில் ரேபர்ன் பிளேஸ் மைதானத்தில் நடந்தது. வெற்றி தோல்வி இல்லை. அடுத்த வருஷம் மான்செஸ்டரில் நடந்த ஆட்டத்தில் இங்கிலாந்து ஜெயித்துக் கோப்பையைத் தூக்கியது.

தகராறும் கூடவே வந்தது. 1884 ஆட்டத்தில் இங்கிலாந்து போட்ட ஒரு ட்ரை செல்லுமா செல்லாதா என்று கிளம்பிய சண்டையில் பேச்சுவார்த்தையே நின்றது. 1885-ல் இரண்டு நாடும் ஆடவே இல்லை. இப்படியே போனால் சரிப்படாது, விதியைத் தீர்மானிக்க ஒரு பொது அமைப்பு வேண்டும் என்று 1886-ல் சர்வதேச ரக்பி வாரியம் ஏற்பட்டது. இப்போது "வேர்ல்டு ரக்பி" என்ற பெயரில் உலக ரக்பியை ஆள்வது அதுதான்.

கூலி கேட்டவர்கள் வெளியே

முதலில் சொன்ன கட்சிப் பிளவுக்கு வருவோம்.

ரக்பியில் ஆடுபவர் காசு வாங்கக்கூடாது என்பது அந்தக் காலத்துச் சட்டம். துரைமார்களுக்கு அது கஷ்டம் இல்லை. ஆனால் வட இங்கிலாந்தில் ஆடியவர்கள் சுரங்கத் தொழிலாளிகள், மில் தொழிலாளிகள். சனிக்கிழமை ஆட்டத்துக்குப் போனால் அன்றைக்குக் கூலி போச்சு. போன கூலியையாவது கொடுங்கள் என்று கேட்டார்கள். முடியாது என்றது யூனியன்.

1895 ஆகஸ்ட் 29 அன்று ஹடர்ஸ்பீல்டு ஊரில் ஜார்ஜ் ஹோட்டலில் வடக்கத்திக் கிளப்கள் கூடின. பிரிந்து தனிச்சங்கம் கண்டன. அதுதான் பின்னால் ரக்பி லீக் ஆயிற்று. ரக்பி யூனியனோ சரியாக ஒரு நூற்றாண்டு பிடிவாதமாக இருந்துவிட்டு 1995 ஆகஸ்டில்தான் காசுக்கு ஆடலாம் என்று கதவைத் திறந்தது.

இலவச மது நின்றதும் ஆளைக் காணோம் என்று ஆன கிளப்பின் கோப்பைக்காக, நூறு வருஷத்துக்கு மேல் ஒரு காசு வாங்காமல் மூக்குடைந்தவர்கள் எத்தனை பேர்! வேடிக்கைதான்.

போலீஸ்காரர் கையில் சிக்கியது

மதுவால் பிறந்த கோப்பைக்கு மதுவாலேயே ஒரு கண்டம் வந்தது.

1988 மார்ச் 5. எடின்பரோவில் இங்கிலாந்து 9–6 என்று ஜெயித்தது. இரவு விருந்து. "தண்ணி" தாராளம். விருந்துக்குப் பிறகு இரண்டு ஆட்டக்காரர்கள் கோப்பையைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு வந்தார்கள். ஒருவர் ஸ்காட்லாந்து வீரர் ஜான் ஜெப்ரி. மற்றவர் இங்கிலாந்து வீரர் டீன் ரிச்சர்ட்ஸ்.

களத்தில் மோதிக்கொண்ட இருவரும் தெருவில் ஒரே அணி. எடின்பரோவின் பெரிய கடைவீதியான பிரின்சஸ் தெருவில் கோப்பையையே பந்தாக வைத்து விளையாடினார்கள். கல்கத்தா வெள்ளி நசுங்கியது.

இதில் ரிச்சர்ட்ஸ் யார் தெரியுமா? தொழில்முறையில் அவர் ஒரு போலீஸ்காரர்!

விசாரணை நடந்தது. ஸ்காட்லாந்து சங்கம் ஜெப்ரிக்கு ஆறு மாதம் ஆடத் தடை போட்டது. இங்கிலாந்து சங்கம் ரிச்சர்ட்ஸுக்கு ஒரே ஒரு ஆட்டம் தடை. ஒரே குற்றம், இரண்டு தீர்ப்பு. கோப்பையைப் பட்டறைக்கு அனுப்பி நிமிர்த்தினார்கள்.

வயசும் அடியும் சேர்ந்து அசல் கோப்பை இப்போது பலவீனம். ஊர் ஊராகத் தூக்கிக்கொண்டு போவது இல்லை. அதே அளவில் நகல் செய்து வைத்திருக்கிறார்கள்.

ஆனால் ஆட்டத்தில் வேகம் குறையவில்லை. 2019-ல் லண்டன் ட்விக்கன்ஹாம் மைதானத்தில் ஸ்காட்லாந்து 31–0 என்று பின்தங்கி, எழுந்து வந்து 38–38 என்று சமன் செய்தது. முந்தைய வருஷம் ஜெயித்தவர்கள் என்பதால் கோப்பை அவர்களிடமே நின்றது. 2021-ல் அதே மைதானத்தில் 11–6 என்று ஜெயித்தார்கள். 1983-க்குப் பிறகு அங்கே ஸ்காட்லாந்துக்கு அதுதான் முதல் வெற்றி. கொரோனா காலம், கைதட்ட மைதானத்தில் ஜனம் இல்லை. 2025-ல் இங்கிலாந்து 16–15 என்று ஒரே புள்ளியில் திருப்பிப் பிடித்தது.

கல்கத்தாவில் என்ன ஆச்சு?

கோப்பை கப்பல் ஏறியது. ஊரில் ஆட்டம் செத்துவிட்டதா என்றால் இல்லை. 1884-லேயே ரக்பி மறுபடி தலையெடுத்தது. கிளப்பும் அதே பெயரில் திரும்ப வந்தது. 1890-ல் உள்ளூர் கிளப்களுக்கு என்று தனியாக ஒரு கோப்பையும் வைத்தார்கள். லண்டனில் நடக்காத ஆசையைச் சொந்த ஊரில் தீர்த்துக்கொண்டார்கள்.

காலப்போக்கில் உருண்டைப் பந்தும் உள்ளே வந்தது. வங்காளத்தில் கால்பந்து வெறி பரவிய காலம் அது. மைதான் பகுதியில் இருந்த கல்கத்தா கிளப்பின் களத்தில்தான் 1911 ஜூலை 29 அன்று ஐ.எப்.ஏ. ஷீல்டு இறுதி ஆட்டம் நடந்தது. மோகன் பகான் அணி. ஒருவரைத் தவிர அத்தனை பேரும் வெறுங்கால். எதிரே பூட்ஸ் போட்ட கிழக்கு யார்க்ஷயர் ரெஜிமெண்ட். 2–1 என்று மோகன் பகான் ஜெயித்தது. ஊரே திருவிழா ஆயிற்று.

துரைமார்கள் தங்களுக்குள் முட்டிக்கொள்ள ஏற்படுத்திய கிளப்பின் மண்ணிலேயே, வெறுங்கால் பையன்கள் பட்டாளத்தை மண்ணைக் கவ்வ வைத்தார்கள். காலம் கணக்கை நேர் செய்கிற விதம் அப்படி.

சுதந்திரத்துக்குப் பிறகு வெள்ளைக்காரர்கள் குறைந்தார்கள். தனித்தனிக் கிளப்களுக்குக் கட்டுப்படி ஆகவில்லை. 1792-ல் பிறந்த கல்கத்தா கிரிக்கெட் கிளப்புடன் 1965-ல் இந்தப் புட்பால் கிளப் இணைந்தது. கல்கத்தா கிரிக்கெட் அண்டு புட்பால் கிளப் என்ற பெயரில் பாலிகஞ்ச் பக்கம் இன்றும் நடக்கிறது. ரக்பியும் ஆடுகிறார்கள்.

மைதானத்துக் காக்கைகள்

கதையில் கடைசியாக வருவதுதான் இந்த நிருபருக்குப் பிடித்த பகுதி.

கல்கத்தா மைதான் என்பது ராணுவத்தின் வசம் உள்ள பரந்த வெளி. ஆடு மேயும். அரசியல் கூட்டம் நடக்கும். குடிசைப் பையன்கள் விளையாடுவார்கள். 2004-ல் அங்கே ஒரு ரக்பி கிளப் பிறந்தது. கல்கத்தாவில் வேலை பார்த்த ஒரு பிரிட்டிஷ் தூதரக அதிகாரி தொடங்கி வைத்தார். பெயர் "ஜங்கிள் குரோஸ்". காட்டுக் காக்கைகள்!

இங்கே சேர இலவச பார் ஆசை காட்டவேண்டியது இல்லை. ஆடியவர்கள் ஏழை வீட்டுப் பிள்ளைகள். 1873-ல் இவர்கள் வயசுப் பையன் அந்தக் கிளப்பை நெருங்கியிருந்தால் பந்து பொறுக்கிப் போடுகிற வேலை கிடைத்திருக்கலாம். இப்போது இவர்களே கேப்டன், இவர்களே பயிற்சி கொடுப்பவர்கள்.

"கேலோ ரக்பி" என்ற திட்டத்தில் இன்னும் சின்னப் பிள்ளைகளுக்குக் கற்றுத் தருகிறார்கள். வடக்கு வங்காளத்தில் சரஸ்வதிபூர் என்று ஒரு தேயிலைத் தோட்டம். அங்கே கொழுந்து பறிக்கிற குடும்பத்துப் பெண்பிள்ளைகள் இந்தப் பந்தைப் பிடித்தார்கள். வங்காளத்துக்கு ஆடினார்கள். இந்தியச் சட்டையும் போட்டார்கள்.

2019 ஜூனில் இந்தியப் பெண்கள் ரக்பி அணி மணிலாவில் சிங்கப்பூரை 21–19 என்று வீழ்த்தியது. 15 பேர் ஆட்டத்தில் நம் பெண்களுக்கு அதுதான் முதல் சர்வதேச வெற்றி. 2025-ல் மும்பையில் ஏழு பேர் ரக்பிக்கு முதல் பிரீமியர் லீக் நடந்தது. கோப்பையை எடுத்தது யார்? சென்னை புல்ஸ். நம்ம ஊர் பெயர்தான்!

கணக்கு முடிந்தது

கிளப் என்பது கட்டடமா? பாரா? உறுப்பினர் அட்டையா? கல்கத்தாவில் 137 பேர் சேர்ந்த கிளப் ஐந்து வருஷத்தில் கரைந்தது. அதில் யார் எத்தனை ட்ரை போட்டார்கள் என்று இன்றைக்கு யாரும் கேட்பதில்லை. எத்தனை கிளாஸ் குடித்தார்கள் என்பதும் போய்விட்டது.

பொதுப் பணத்தைப் பொதுவாகவே விட்டுப் போனார்கள். அது ஒன்றுதான் நின்றது.

சங்கம், மன்றம், நற்பணி இயக்கம், பேட்டைக் கிரிக்கெட் கிளப் நடத்துகிறவர்கள் நம் நகரத்தில் ஆயிரம் பேர் இருப்பார்கள். ஒரு நாள் அதை மூட வேண்டி வந்தால் மூடுங்கள், தப்பு இல்லை. பூட்டுப் போடுவதற்கு முன் உண்டியலை என்ன செய்தோம் என்று மட்டும் ஊருக்குச் சொல்லிவிடுங்கள்.

மூன்று பதவியும் கையில் இருந்தும் ராத்னி துரை அதைத்தான் செய்தார்.